பெரியவரும் பையனும் நம்ம பக்கம் ஏன் திரும்பல

டேனரோட 'தி பாஞ்சோ லெசன்' ஓவியத்தப் பத்தி நீங்க கேட்டத ரெண்டு மூணு தடவ படிச்சேன். மேலோட்டமா பாத்தா "அந்த பாஞ்சோ படத்துல அப்படி என்னதான் இருக்கு"ங்கறதுதான் கேள்வி. வயசான ஒருத்தர் நாற்காலில உக்காந்திருக்கார், அவர் ரெண்டு காலுக்கு நடுவுல ஒரு சின்னப் பையன் சாஞ்சு நிக்கறான், அவன் சைஸுக்கு ரொம்பப் பெரிய பாஞ்சோ, அதாவது கிட்டார் மாதிரி ஒரு கம்பி வாத்தியம், அவன் கையில, பெரியவர் சொல்லிக்குடுக்கறார். பாக்க நெகிழ்ச்சியா இருக்கு, ஆனா பிஸ்கட் டப்பா மூடில போடுற படம் மாதிரியும் இருக்கே, இத ஏன் அமெரிக்க ஓவிய வரலாற்றுல இவ்ளோ தூக்கி வெச்சுப் பேசறாங்கன்னு கேட்டிருக்கீங்க. ஆனா உங்க நிஜக் கேள்வி கடைசி வரில ஒளிஞ்சிருக்கு, "எனக்குப் புடிச்சிருக்கு, ஆனா ஈசியா புடிச்சிடுச்சே, அதான் சந்தேகமா இருக்கு"ன்னு எழுதியிருக்கீங்க இல்ல, அதுக்குத்தான் நான் பதில் சொல்லப் போறேன், மத்ததெல்லாம் போற வழில வந்துடும்.

முதல்லயே சொல்லிடறேன், நான் ஆராய்ச்சியாளன் கிடையாது. ஓவியக் கல்லூரில படிச்சேன், இருபது வருஷத்துக்கு மேல போர்ட்ரெய்ட் வரையறேன், வரையச் சொல்லியும் குடுக்கறேன், கூடவே கொஞ்சம் ஓவிய வரலாறும் பாடம் எடுத்திருக்கேன். இந்த ஓவியத்த நேர்ல பாத்ததில்ல, நல்ல பிரின்ட்லயும் ஸ்க்ரீன்லயும் மட்டும்தான். அதனால கலர் பத்தி நான் சொல்றத கொஞ்சம் தள்ளுபடி பண்ணிக்கிட்டுப் படிங்க. ஆனா ஒரு தடவ இத உக்காந்து காப்பி பண்ணி நல்லா மூக்குடைபட்டிருக்கேன், அந்தக் கதை பின்னாடி வருது.

சந்தேகமே இல்லாத விஷயங்கள முதல்ல முடிச்சிடலாம். படத்தோட பேரு 'தி பாஞ்சோ லெசன்', வரைஞ்சவர் ஹென்றி ஒசாவா டேனர், வருஷம் 1893. கேன்வாஸ்ல ஆயில், ஏறக்குறைய 4 அடி உயரம், 3 அடி அகலம், அதாவது போன்ல பாக்கறப்ப தோணுற மாதிரி குட்டிப் படம் இல்ல. டேனர் 1859ல பிட்ஸ்பர்க்ல பொறந்தவர், அப்பா சர்ச்ல பிஷப், அம்மா வர்ஜீனியால அடிமையா பொறந்து அப்புறம் விடுதலையான பக்கம் வந்து சேந்தவங்க. நடுப்பேரு ஒசாவா வந்ததே ஒசாவடோமிங்கற ஊர் பேர்லேர்ந்துதான், அடிமை முறைய எதுத்து ஆயுதம் எடுத்த ஜான் பிரவுன் சண்ட போட்ட ஊரு அது. அதனால அடிமைக் காலம்ங்கறது இவருக்கு புத்தகத்துல படிச்ச சமாச்சாரம் இல்ல, பேர்லயே ஒட்டிக்கிட்டு இருக்கு, வீட்டுலயும் இருக்கு. பிலடெல்ஃபியால தாமஸ் ஈக்கின்ஸ்ங்கற பெரிய ஓவியர்கிட்ட படிச்சார், 1891ல பாரிஸ் போயிட்டார், நடுவுல உடம்பு சரியில்லாம திரும்பி வந்திருந்த சமயத்து படம்தான் இது. 1894ல பாரிஸ் சலோன்ங்கற பெரிய ஓவியக் கண்காட்சில வெச்சாங்க, அதே வருஷம் ராபர்ட் ஆக்டன்ங்கற ஒருத்தர் இத வர்ஜீனியால இருக்கற ஹாம்ப்டன் இன்ஸ்டிட்யூட்டுக்குக் குடுத்தார். உள்நாட்டுப் போர் முடிஞ்சு விடுதலையான மக்கள் படிக்கறதுக்காக 1868ல ஆரம்பிச்ச ஸ்கூல் அது, இப்ப யுனிவர்சிட்டி. படம் இன்னிக்கும் அங்கதான் இருக்கு.

இந்த மாதிரி படங்கள ஜானர் பெயின்டிங்னு சொல்லுவாங்க. ராஜா இல்ல, கடவுள் இல்ல, போர் இல்ல, பேரு தெரியாத சாதாரண ஆளுங்க சாதாரண வேலை ஏதோ பண்ணிட்டிருப்பாங்க, அவ்ளோதான். டச்சுக்காரங்க 17ஆம் நூற்றாண்டுலயே இதுல கில்லாடிங்க. இசைப் பாடம்ங்கறது அவங்களுக்கு ரொம்பப் புடிச்ச சப்ஜெக்ட், ஆனா அங்க பாடம்னா பாதி நேரம் பாடம் இல்ல, வாத்தியார்ங்கற சாக்குல ஒரு இளவட்டம் ஒரு பொண்ணு பக்கத்துல நிக்கறதுக்கு ஒரு வழி. வெர்மியர் வரைஞ்ச இசைப் பாடத்துல கூட அந்தப் பொண்ணு நமக்கு முதுகக் காட்டிக்கிட்டு வாசிக்கறா, மேல மாட்டியிருக்கற கண்ணாடில பாத்தா அவ முகம் அந்த ஆள் பக்கமா லேசா திரும்பியிருக்கும். பாடத்த நிஜமாவே பாடமா வரையறது நீங்க நினைக்கறத விட அபூர்வம், இத மனசுல வெச்சுக்கோங்க.

இப்ப பாஞ்சோவுக்கு வரேன், ஏன்னா உங்க கேள்விக்குப் பாதி பதில் அந்த வாத்தியத்துக்குள்ள இருக்கு. சுரைக்குடுக்கைல தோல் கட்டி, குச்சிய சொருகி, நரம்பு கட்டி வாசிக்கற வாத்தியங்கள் மேற்கு ஆப்பிரிக்கால நிறைய உண்டு, ஜோலா மக்களோட அகோன்டிங் அதுல ஒண்ணு. அந்த ஞாபகத்தோட அடிமைக் கப்பல்ல வந்தவங்க கரீபியன் தீவுலயும் அமெரிக்காவுலயும் கையில கிடைச்சத வெச்சு திரும்பக் கட்டுனதுதான் பாஞ்சோ. 18ஆம் நூற்றாண்டு கடைசில தென் கரோலினால வரைஞ்ச 'தி ஓல்ட் ப்ளான்டேஷன்'ங்கற வாட்டர்கலர்ல ஒருத்தர் சுரைக்குடுக்கை பாஞ்சோ வாசிச்சுட்டு உக்காந்திருப்பார், அத பாத்தீங்கன்னா இந்த வாத்தியம் யாரோடதுன்னு யாரும் வக்கீல் வெச்சு வாதாட வேண்டியதில்ல. ஆனா 1830கள்லேர்ந்து வெள்ளைக்காரங்க மூஞ்சில எரிச்ச கார்க் கரியப் பூசிக்கிட்டு, கறுப்பின மக்கள் மாதிரி நடிக்கறேன்னு மேடையேற ஆரம்பிச்சாங்க. ஜோயல் ஸ்வீனின்னு வர்ஜீனியாக்காரர் ஒருத்தர், அக்கம்பக்கத்து கறுப்பின வாசிப்பாளர்கள்கிட்ட கத்துக்கிட்டு ஊர் ஊரா பாஞ்சோவ எடுத்துட்டுப் போனார், 1843ல வர்ஜீனியா மின்ஸ்ட்ரல்ஸ்னு நாலு பேர் நியூயார்க்ல முழு நிகழ்ச்சியே போட்டாங்க, அதுக்கப்புறம் அந்த நூற்றாண்டு முழுக்க அமெரிக்காவோட பெரிய பொழுதுபோக்கே அதுதான். பல்லக் காட்டி சிரிச்சுக்கிட்டு, கண்ண உருட்டிக்கிட்டு, பாஞ்சோவ தட்டிக்கிட்டு கவலையே இல்லாத ஒரு கோமாளி, போஸ்டர்ல, பாட்டுப் புத்தக அட்டைல, விளம்பரத்துல, எங்க பாத்தாலும் அவன்தான். 1893ல ஒரு அமெரிக்கரோ பாரிஸ்காரரோ "கறுப்பின மனுஷன், பாஞ்சோ"ன்னு கேட்டா மனசுல ரெடியா வந்து நிக்கற படம் அந்தக் கோமாளிதான்.

அந்தக் கோமாளி எங்க பாப்பான்? உங்களத்தான். நேரா பாப்பான், நீங்க சிரிக்கணும், காசு போடணும், அவன் இருக்கறதே அதுக்குத்தான். இப்ப டேனர் படத்துக்கு வாங்க. ரெண்டு பேர்ல ஒருத்தர் கூட நம்மளப் பாக்கல. பையன் கீழ கம்பிய மீட்டுற தன்னோட வலது கையப் பாத்துட்டிருக்கான், பெரியவரும் தலையக் குனிஞ்சு அந்த வாத்தியத்தையேதான் பாக்கறார். சிரிப்பு இல்ல. வாய் மூடியிருக்கு. நம்ம உள்ள வந்ததே அவங்களுக்குத் தெரியாது, தெரிஞ்சாலும் கண்டுக்க மாட்டாங்கன்னு தோணும். சும்மா சொல்லல, என்கிட்ட வரையக் கத்துக்கறவங்ககிட்ட "ஒருத்தர் இன்னொருத்தருக்கு எதையாவது சொல்லிக்குடுக்கற மாதிரி ஒரு படம் பண்ணுங்க"ன்னு சொன்னா பத்துல எட்டு பேர் அந்த ரெண்டு மூஞ்சில ஒண்ண நம்ம பக்கம் திருப்பிடுவாங்க, கை தானா போயிடும், ஏன்னா மூஞ்சி தெரியலன்னா படம் பேசாதுன்னு ஒரு பயம். டேனர் அந்த பயத்த விட்டுட்டார். படம் பேசறது மூஞ்சில இல்ல, கவனத்துல.

கைய பாருங்க. பாஞ்சோ பையனுக்குப் பெருசுன்னு சொன்னேன் இல்ல, அவன் இடது கை பாஞ்சோவோட கழுத்துப் பகுதில கம்பிய அழுத்தணும், அதே கை அந்த நீளக் கழுத்த தூக்கியும் புடிக்கணும்னா அவனால முடியாது, தொங்கிடும். அதனால பெரியவர் தன்னோட இடது கையால கழுத்த தாங்கிப் புடிச்சிருக்கார். கவனிங்க, பையனோட விரல புடிச்சு வெக்கல, கம்பிய அவர் தொடல, வெயிட்ட மட்டும் வாங்கிக்கிட்டார். விரல எங்க வெக்கணும்ங்கறது பையனோட பாடு. சொல்லிக்குடுக்கற வேலை பண்ற யாருக்கும் இது எவ்ளோ கஷ்டமான விஷயம்னு தெரியும், புது பசங்க ப்ரஷ்ஷ தப்பா புடிக்கறப்ப என் கை தானா நீளும், புடுங்கி நானே போட்டுக் காட்டிடலாம்னு இருக்கும். அந்த ஒரு கை வெச்சிருக்கற இடத்துலயே டேனர் நல்ல வாத்தியார் யாருன்னு வரைஞ்சுட்டார், எனக்கு இந்தப் படத்துல ரொம்பப் புடிச்ச இடம் அதுதான், மூஞ்சி கூட அப்புறம்தான்.

இன்னொண்ணு. அந்தக் காலத்துல கறுப்பின மக்கள பாராட்டற மாதிரி ஒரு பேச்சு உண்டு, "அவங்களுக்கு இசை ரத்தத்துலயே ஊறுனது, தானா வரும்"னு. கேக்க நல்லாத்தான் இருக்கும், உள்ள விஷம். தானா வர்றதுன்னா உழைப்பு இல்ல, அறிவு இல்ல, சொல்லிக்குடுக்க ஒரு மரபு இல்ல, குருவி கத்துற மாதிரின்னு அர்த்தம் ஆகுதே. டேனர் படத்துக்குப் பேரு பாஞ்சோ 'வாசிப்பு' இல்ல, 'பாடம்'. பையனுக்கு இன்னும் வரல, அவன் திணறிட்டிருக்கான், நெத்தி கனமா இருக்கு. ரத்தத்துலேர்ந்து வரல, பக்கத்துல உக்காந்திருக்கற ஒருத்தர்கிட்டேர்ந்து வருது. இத நான் தூரத்துலேர்ந்து இழுத்து சொல்ற மாதிரி தோணுச்சுன்னா கணக்குப் போட்டுப் பாருங்க. பெரியவருக்கு ஒரு எழுபது வயசுன்னு வெச்சுக்கிட்டா அவர் பொறந்தது 1820கள்ல, அடிமை முறை சட்டப்படி ஒழிஞ்சது 1865ல, அப்ப தெற்கத்திக்காரரா இருந்தா வாழ்க்கைல நாப்பது வருஷம் இன்னொருத்தனோட சொத்தா இருந்திருப்பார். தென் கரோலினால 1740லயே அடிமைகளுக்கு எழுதக் கத்துக்குடுத்தா அபராதம்னு சட்டம், அதே சட்டம் அவங்க கையில மேளம் கொம்பு மாதிரி சத்தமான வாத்தியம் இருக்கக் கூடாதுன்னும் சொல்லுது. 1831ல நாட் டர்னர்ங்கற அடிமை முன்ன நின்னு நடத்துன கலகத்துக்கு அப்புறம் மத்த மாநிலங்களும் படிப்புக்கு எதிரா சட்டத்த இறுக்குனாங்க. ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லிக்குடுக்கறதே குத்தமா இருந்த இடத்துலேர்ந்து வந்த ஒரு தலைமுறை, விடுதலைக்கு அப்புறம் பொறந்த ஒரு பையனுக்குத் தன்கிட்ட இருக்கறத குடுக்குது. பெரியவரோட வயசு என் ஊகம்தான், ஆனா 1894ல ஹாம்ப்டன் ஸ்கூல் சுவத்துல இந்தப் படத்தப் பாத்த பசங்களுக்கு இந்தக் கணக்கப் போட பென்சில் தேவைப்பட்டிருக்காது, அவங்க வீட்டுலயே ஒரு தாத்தா இருந்திருப்பார்.

இப்ப என் மூக்குடைபட்ட கதை. படிச்சு முடிச்ச புதுசுல இத ஆயில்ல காப்பி பண்ண உக்காந்தேன். பழைய குடிசை உள்பக்கம், கறுப்புத் தோல், மங்கல் வெளிச்சம், சரி எல்லாம் ப்ரவுன்தானேன்னு அலட்சியமா பர்ன்ட் அம்பர்ங்கற அடர் ப்ரவுன் கலர எடுத்து நிழல் பூரா இழுத்து விட்டேன். ரெண்டு நாள்ல ரெண்டு மூஞ்சியும் சேறு மாதிரி ஆகிடுச்சு, உயிரே இல்ல, எவ்ளோ ஹைலைட் போட்டாலும் ஒட்ட வெச்ச மாதிரி நின்னுச்சு. அப்பறம்தான் பொறுமையா பாத்தேன், இந்தப் படத்துல வெளிச்சம் ரெண்டு. நம்ம இடது பக்கத்துலேர்ந்து ஜன்னல் வெளிச்சம் மாதிரி நீலம் கலந்த வெள்ளை, குளுமையா வருது, வலது பக்கத்துலேர்ந்து அடுப்பு நெருப்போட ஆரஞ்சு வருது, ஜன்னலும் தெரியாது நெருப்பும் தெரியாது, அது விழற இடம் மட்டும்தான் தெரியும். ரெண்டும் வந்து சந்திக்கற இடத்துல இவங்க ரெண்டு பேர் இருக்காங்க. அதனால தோல்ல ஒரு பக்கம் சாம்பல் நீலம், இன்னொரு பக்கம் செம்பு, நடுவுல பழுப்பு ஊதான்னு வேற வேற கலர் ஓடுது, 'ப்ரவுன்'னு ஒரு கலர் அங்க இல்லவே இல்ல. பின்னாடி சுவர் வெளிச்சமா இருக்கு, மேசை மேல வெள்ளைத் துணி விரிச்சிருக்கு, அந்த வெளிச்சத்துக்கு முன்னாடி ரெண்டு தலையும் இருட்டா, தெளிவா, கனமா நிக்குது. வழக்கமா ஓவியர்கள் கறுப்புத் தோல இருட்டான பின்னணில வெச்சு கண்ணையும் பல்லையும் மட்டும் வெளிச்சமாக்கிடுவாங்க, இவர் அத அப்படியே திருப்பிப் போட்டுட்டார். என் காப்பிய கடைசி வரைக்கும் சரி பண்ண முடியல, அது வேற விஷயம், ஆனா தோல் நிறம்னு ட்யூப்ல எதுவும் வர்றதில்லன்னு எனக்குச் சொல்லிக்குடுத்தது இந்தப் படம்தான்.

அந்த ரெண்டு வெளிச்சத்துக்கு அர்த்தம் சொல்றவங்க உண்டு. குளுமையான வெளிச்சம் பையனோட வருங்காலம், நெருப்பு வெளிச்சம் பெரியவரோட கடந்த காலம்னு. கேக்க நல்லா இருக்கு, வகுப்புல நானே சொல்லியிருக்கேன், ஆனா அது படிக்கறவங்க போடுற அர்த்தம்தான், உறுதின்னு எடுத்துக்காதீங்க. ரெண்டு வெளிச்சத்த மோதவிட்டுப் பாக்கறது அப்ப பாரிஸ்ல படிச்ச ஒரு ஓவியருக்கு நல்ல சவால், அதுக்காகவே கூட பண்ணியிருக்கலாம், ரெண்டுக்காகவும் பண்ணியிருக்கலாம். அதே மாதிரி "தாத்தா பேரன்"னு நீங்களும் எழுதியிருக்கீங்க, எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க, ஆனா தலைப்புல உறவு எதுவும் இல்ல. அந்தப் பேச்சு வர்றதுக்கு ஒரு காரணம் இருக்கு, இதே காட்சிய டேனர் 1893 டிசம்பர்ல 'ஹார்ப்பர்ஸ் யங் பீப்பிள்'ங்கற சிறுவர் பத்திரிகைல ஒரு கதைக்கு சித்திரமாவும் குடுத்தார், அந்தக் கதைல அவங்க தாத்தா பேரன்தான். கதை என்னமோ அந்தக் காலத்து வழக்கமான உருக்கமான கிறிஸ்துமஸ் கதை. உங்களுக்கு பிஸ்கட் டப்பா வாசனை அடிச்சது சும்மா இல்ல, இந்தப் படத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சொந்தக்காரன் இருக்கத்தான் செய்யறான். ஆனா கதைல வந்தவங்கள அவர் 4 அடி கேன்வாஸ்ல வெச்சப்ப கதைய கழட்டி விட்டுட்டார், உறவும் தெரியல, கிறிஸ்துமஸும் இல்ல, வேலை மட்டும் மிஞ்சுது.

சரி, டேனர் நிஜமாவே அந்தக் கோமாளிப் படத்துக்கு எதிராத்தான் வரைஞ்சாரா, இல்ல இதெல்லாம் நாம பின்னாடி ஏத்தி வெக்கறதா? இதுக்கு ஓரளவு உறுதியா பதில் உண்டு. அந்த சமயத்துல அவர் தன்னப் பத்தியே படர்க்கைல எழுதுன ஒரு குறிப்பு இருக்கு, கறுப்பின வாழ்க்கைய வரைஞ்ச நிறைய ஓவியர்கள் அதுல வேடிக்கையான, கேலியான பக்கத்த மட்டும்தான் பாத்திருக்காங்க, கரடுமுரடான வெளித்தோற்றத்துக்குள்ள இருக்கற மனச நேசிச்சுப் பாக்கலன்னும், யாருக்கு தன் சப்ஜெக்ட் மேல பரிவு அதிகமோ அவங்க படம்தான் நல்லா வரும்னும் சொல்றார். அதே குறிப்புல இது புது களம்ங்கறதாலயும் இழுத்துச்சுன்னு ஒத்துக்கறார், அந்த நேர்மை எனக்குப் புடிக்கும். ஆனா அவர ஒரேயடியா போராளி ஆக்கிடவும் முடியாது. 1894ல 'தி தேங்க்ஃபுல் புவர்'னு ஒரு பெரியவரும் பையனும் சாப்பாட்டு முன்னாடி ஜெபம் பண்ற படம் வரைஞ்சார், அதோட இந்த வகைக் காட்சிகள ஏறக்குறைய நிறுத்திட்டார். அப்புறம் பைபிள் கதைகள்தான், 'லாசரஸ் உயிர்த்தெழுதல்' படத்த 1897ல பிரெஞ்சு அரசாங்கமே வாங்குச்சு, 1923ல லெஜியன் ஆஃப் ஆனர்ங்கற பிரான்ஸோட பெரிய விருத குடுத்தாங்க, 1937ல பாரிஸ்லயே செத்துப் போனார். நம்ம எல்லாரும் அவர இந்த ரெண்டு படத்த வெச்சு ஞாபகம் வெச்சிருக்கறது அவருக்கே ஆச்சரியமா இருந்திருக்கும். அதோட பாடம்ங்கற விஷயம் அவருக்கு இனத்தோட மட்டும் ஒட்டுனதும் இல்ல. பாஞ்சோவுக்கு முன்னாடியே பிரான்ஸ்ல பிரிட்டனி பக்கம் 'தி பேக்பைப் லெசன்' ஆரம்பிச்சாச்சு, 1895ல 'தி யங் சபோ மேக்கர்'னு மரச்செருப்பு செதுக்கற ஒரு பையன், பக்கத்துல பாத்துக்கிட்டு நிக்கற ஒரு பெரியவர். மூத்தவங்க கையிலேர்ந்து சின்னவங்க கைக்கு ஒரு வேலை மாறுற அந்த நொடி இவர விடல, அவ்ளோதான் நான் சொல்லுவேன்.

ரெண்டு ஒப்பீடு சொல்றேன், தேடிப் பாத்தீங்கன்னா நான் இவ்ளோ நேரம் பேசுனது கண்ணாலயே தெரிஞ்சிடும். முதல்ல அவர் வாத்தியார் ஈக்கின்ஸ் 1878ல பண்ண வாட்டர்கலர், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துல இருக்கு, ஒரு இளைஞன் பாஞ்சோ வாசிக்கறான், குட்டிப் பையன் ஆடறான், ஒரு பெரியவர் நின்னு தாளம் கவனிக்கறார். சுவத்துல லிங்கனும் அவர் மகனும் இருக்கற சின்னப் படம் ஒண்ணு. ஈக்கின்ஸும் கேலி பண்ணல, சீரியஸாத்தான் பாக்கறார், ஆனா மூணு பேரும் வெறும் அறைல தனித்தனியா, ஏதோ உடலசைவு ஆராய்ச்சிக்கு நிக்க வெச்ச மாதிரி இருக்காங்க. சிஷ்யன் அந்தக் கூட்டத்துலேர்ந்து ஆட்டத்த எடுத்துட்டார், மீதி ரெண்டு பேர ஒரே உருவமா நெருக்கிட்டார், பையனோட முதுகு எங்க முடியுது பெரியவரோட நெஞ்சு எங்க ஆரம்பிக்குதுன்னு கோடு போட முடியாது.

ரெண்டாவது இன்னும் சுவாரசியம். அதே 1893, 94 வாக்குல, அதே 'பாஞ்சோ லெசன்'ங்கற தலைப்புல, மேரி கசாட்ங்கற அமெரிக்க ஓவியரும் பண்ணியிருக்காங்க. அவங்களும் பிட்ஸ்பர்க் பக்கத்துலதான் பொறந்தவங்க, அவங்களும் பாரிஸ்வாசி. அவங்க பாஸ்டல்ல, அதாவது கலர் சாக்குக் குச்சில, பண்ண படம் ரிச்மண்ட் மியூசியத்துல இருக்கு, அதாவது ரெண்டு பாஞ்சோ பாடமும் இன்னிக்கு ஒரே வர்ஜீனியால. கசாட் படத்துல வாசிக்கறது ஒரு வெள்ளைக்கார இளம்பெண், அவ தோளுக்கு மேல எட்டிப் பாக்கற ஒரு சிறுமி. இது எப்படின்னா, அந்த வருஷங்கள்ல பாஞ்சோ வசதியான வீட்டு ஹால்ல ஃபேஷன் ஆகிடுச்சு. அதுவும் டேனரோட பிலடெல்ஃபியாலயே எஸ்.எஸ். ஸ்டூவர்ட்னு ஒரு பாஞ்சோ கம்பெனிக்காரர் பத்திரிகையே நடத்தி, நோட்டேஷன் பாத்து வாசிங்க, இது மரியாதையான வாத்தியம்னு பிரச்சாரம் பண்ணிட்டிருந்தார். பாஞ்சோவ 'உயர்த்தறேன்'னு கிளம்புனவங்க அது யார் வீட்டு வாத்தியம்ங்கறத மெதுவா அழிச்சிட்டு வந்தாங்க. ஒரு பக்கம் கரி பூசுன கோமாளி, இன்னொரு பக்கம் வரவேற்பறை சீமாட்டி, நடுவுல அந்த வாத்தியத்தக் கட்டுனவங்களோட பேரப்பசங்க காணாமப் போற நேரத்துல டேனர் அந்தப் பெரியவர நாற்காலில உக்கார வெக்கறார். கசாட் மேல எனக்கு வருத்தம் இல்ல, அருமையான படம் அது, ஆனா ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா ஒரே தலைப்பு ரெண்டு வேற கேள்வி கேக்குது.

உங்க சந்தேகத்துக்கு வரேன். ஈசியா புடிச்சிடுச்சுங்கறதால அது மட்டமா? சென்டிமென்ட் படத்துக்கு நான் வெச்சிருக்கற ஒரே சோதனை, ரெண்டு மூஞ்சியையும் கட்டைவிரலால மறைச்சிட்டுப் பாக்கறது. சென்டிமென்ட் படத்துல மூஞ்சிய மறைச்சா எல்லாம் போயிடும், கண்ணீரும் சிரிப்பும்தான் அங்க மொத்த முதலீடே. இதுல மறைச்சுப் பாருங்க. நாலு கை, ஒரு கழுத்து, சாஞ்சு நிக்கற ஒரு எடை, ரெண்டு வெளிச்சம், கீழ தரைல அப்படியே கிடக்கற சமையல் பாத்திரம், எல்லாம் அங்கயேதான் இருக்கும், பாடமும் நடந்துட்டேதான் இருக்கும். உங்களுக்கு முதல்ல புடிச்சது பெரியவரோட தாடியும் பையனோட கன்னமுமா இருக்கலாம், இருக்கட்டுமே, கதவத் தொறக்க ஏதோ ஒண்ணு வேணும் இல்ல. எனக்கும் முதல் தடவ அப்படித்தான். ஹாம்ப்டன் மியூசியத்து இமேஜ் கிடைச்சா பெருசு பண்ணி அந்தப் பெரியவரோட இடது கைலேர்ந்து ஆரம்பிங்க, அங்கேர்ந்து கழுத்து வழியா பையனோட விரலுக்கு இறங்குங்க, மூஞ்சிக்கு கடைசியா வாங்க. பாத்துட்டு என்ன தோணுச்சுன்னு எழுதுங்க, அந்த ரெண்டு வெளிச்சம் உங்க ஸ்க்ரீன்ல பிரிஞ்சு தெரியுதான்னும் சொல்லுங்க, என் பழைய பிரின்ட்ல வலது பக்கம் கொஞ்சம் அதிகமாவே சிவந்திருக்கு.